அட்சதை விழும் இரண்டு நிமிடம்

பழைய சர்வர் ஓடினால் அறைக்குள் கிரைண்டர் ஓடுவதுபோல் இருக்கும். புதியது ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள அதன் முன்பக்கத்தில் எரியும் பச்சை விளக்கைத்தான் பார்க்க வேண்டும். திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ் திரும்பும் முக்கில், மருந்துக்கடைக்கு மேலே இருந்த மாடி அறையில், இரண்டும் ஒரே மேசைமேல் நான்கு நாட்களாகச் சம்பந்தி வீட்டார் மாதிரி அக்கம்பக்கம் உட்கார்ந்திருந்தன. பிரகதீஸ்வரி இரண்டையும் மாறி மாறி வேலை வாங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த அறையின் தொழில் கல்யாணத்தைக் காட்டுவது. மாவட்டம் முழுக்க மண்டபங்களில் கேமரா வைத்து, அங்கே நடக்கிற கல்யாணத்தை அப்போதைக்கப்போதே கத்தாரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் சொந்தக்காரர்களின் போனுக்கு அனுப்புவார்கள். மண்டபத்திலிருந்து வரும் படம் மிகப் பெரியது. அப்படியே கடல் தாண்டாது. முதலில் இந்த அறைக்கு வரும். சர்வர் அதைச் சுருக்கி மூன்று அளவில் தயார்செய்யும். டிவியில் பார்ப்பவர்களுக்குப் பெரியது, போனுக்கு நடுத்தரம், நெட் இழுத்து இழுத்து வரும் தொழிலாளர் கேம்ப் அறைகளுக்குச் சிறியது. இடுப்பை ஒடிக்கிற வேலை என்றால் இந்தச் சுருக்குகிற வேலைதான்.

தொழிலுக்குச் சொந்தக்காரி திலகவதி. இருபது வருடம் போட்டோ ஸ்டுடியோ நடத்திவிட்டு, காலம் மாறுவதைப் பார்த்துத் தானும் மாறிக்கொண்டவள். பழைய சர்வர் அவள் வாங்கியது. சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி கழித்துப் போட்டதை ஒரு ஸ்கூட்டர் விலைக்குப் பிடித்து, பஸ்ஸில் இரண்டு சீட் எடுத்துக் கொண்டுவந்தாள். புதியது திருச்சி வியாபாரி மரியசெல்வம் செவ்வாய்க்கிழமை இறக்கிவைத்துவிட்டுப் போனது. ஐந்து நாள் ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் பணம், பிடிக்காவிட்டால் சனிக்கிழமை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். அதன் விலை ஒரு கார் விலை.

ஞாயிற்றுக்கிழமை ஆவணி மாதத்தின் பெரிய முகூர்த்தம். பதினோரு கல்யாணம் பிடித்திருந்தார்கள். இதுவரை ஒரே நாளில் ஒன்பதுக்குமேல் போனதில்லை.

“ஏண்டி பிரகதி, அதுல இருபத்தெட்டு கோரு. இதுல முப்பத்திரண்டு கோரு. நாலு கோருக்கு ஒரு காரு வெலையா?” என்றாள் திலகவதி, வெள்ளிக்கிழமை காலை டீ கிளாஸை ஜன்னலில் வைத்தபடி.

“தலையெண்ணிக்கைய மட்டும் பாக்கக்கூடாதுக்கா. ஒரு கோருங்கிறது மண்டபத்துல ஒரு சமையக்காரருன்னு வச்சுக்கங்க. பழசுல இருபத்தெட்டு பேரு. ஆனா ஆளுக்கொரு சின்னப் பலகை, ஒரு நேரத்துல ஒரு கத்திரிக்காதான் நறுக்கலாம். புதுசுல முப்பத்திரண்டு பேரு. பலகையும் அகலம், கையும் வெரசு. ஒரே வெட்டுல மூணு காய் விழும்.”

“சரி. நம்ம பந்திக்கு அம்புட்டு காய் வேணுமா? அதச் சொல்லு மொதல்ல.”

கேள்வி என்றால் அதுதான் கேள்வி. பிரகதீஸ்வரிக்குத் திலகவதியிடம் பிடித்ததே இந்தக் குணம்தான். இருபத்தாறு வயதில் அவளுக்கும் அதே குணம் வந்திருந்தது. பளபளப்பைப் பார்த்து மயங்கமாட்டாள். தன் கையால் அளந்த எண்ணைத் தவிர வேறெதையும் நம்பமாட்டாள். இந்தமுறையும் அளந்தே வைத்திருந்தாள்.

போன வருடத்துக் கல்யாணம் ஒன்றிலிருந்து பத்து நிமிடப் படத்தை எடுத்து, பதினோரு மண்டபங்களிலிருந்து வருவதுபோல் பதினோரு தடவை ஒரே நேரத்தில் ஓடவிட்டாள். மணமக்கள் மணையில் உட்கார்ந்திருக்க, ஐயர் மந்திரம் சொல்ல, ஓமப்புகை மெல்ல மேலே போகிற பத்து நிமிடம். சோதனைக்கு எப்போதும் அந்தப் பகுதியைத்தான் எடுப்பார்கள். தாலி கட்டும் காட்சியைத் தொடுவதில்லை. அது ஸ்டுடியோ காலத்திலிருந்து திலகவதி வைத்திருக்கும் வழக்கம். ஒரு தடவை கட்டின தாலியை மெஷினைச் சரிபார்க்கிறேன் என்று பத்துத் தடவை கட்ட வைக்கக்கூடாது, அந்தப் பெண்ணுக்கு ஆகாது என்பாள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பிரகதீஸ்வரிக்குச் சொல்லப்பட்ட இரண்டாவது விஷயம் அது. முதலாவது, செருப்பை வெளியே விடவேண்டும் என்பது.

“பழசு அது பலத்துல நூத்துக்கு அறுபத்திரண்டுல ஓடுது. புதுசு இருபத்திரண்டுல. ரெண்டுலயும் படம் ஒரு எடத்துலகூட அறுபடல. நம்ம பந்திக்குப் பழசே போதும்க்கா. இன்னும் முப்பத்தெட்டு மிச்சம் கெடக்கு.”

“இத நீயே அந்த ஆளுகிட்ட சொல்லிரு. நான் சொன்னா, பொம்பளைக்குக் காசு விட மனசில்லம்பாரு.”

பிரகதீஸ்வரி அப்போதே மரியசெல்வத்துக்குப் போன் போட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “பரவாயில்ல தங்கச்சி. காரைக்குடியில ஒருத்தங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. நாளைக்குக் காலையில வண்டியோட வாரேன், அப்படியே அங்கிட்டுக் கொண்டுபோயிர்றேன்” என்றார்.

அன்று மதியம் அழகி வந்தாள்.

மணமேல்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பதினோரு கல்யாணங்களில் ஒன்று அவளுடைய சின்ன மகளுடையது. மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, உடனே எழுந்திருக்காமல் மேசைமேல் இருந்த இரண்டு சர்வர்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். திலகவதி ஆலங்குடியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தாள்.

“தாயி, இதுல எதுலேருந்து எங்க வீட்டுக்காரவுகளுக்குப் போகும்?”

பிரகதீஸ்வரி பழையதைக் காட்டினாள்.

“இந்தத் தடவ நல்லாத் தெரியுமா?”

“ஏன்மா, போன தடவ தெரியலயா?”

அழகி சேலைத் தலைப்பை மடியில் நீவிவிட்டுக்கொண்டாள். குறை சொல்ல வந்தவள்போல் இருக்கக்கூடாது என்று அவள் பார்த்துப் பார்த்துப் பேசுவது தெரிந்தது.

“தெரிஞ்சுச்சு. மூத்தவளுக்கு எல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுச்சாம், தாலி எடுத்துக் குடுக்குற வரைக்கும். அவுக கத்தாருல இருக்காக. கேம்புல சமையக்காரர்கிட்ட சொல்லி ஒரு பிடி அரிசி வாங்கி, மஞ்சப்பொடி போட்டுப் பெசஞ்சு, கையில வச்சுக்கிட்டு நின்னுருக்காக. தாலி கட்டயில போன் மேல போடலாம்னு. சரியா அந்த நேரத்துக்குப் படம் பூராக் கட்டம் கட்டமாப் போயிருச்சாம். அப்புறம் தெளிஞ்சு பாத்தா, மாப்பிள மெட்டி போட்டுக்கிட்டு இருக்காராம். எப்பக் கட்டுனாகன்னே தெரியல. அரிசியக் கையிலயே வச்சுக்கிட்டு நின்னுருக்காக.”

“கேம்புல நெட் அப்படித்தான்மா. அந்த நேரத்துல எல்லாரும்...”

இந்தப் பதிலை அவள் நிறையப் பேருக்குச் சொல்லியிருந்தாள். நாக்கு தானாகவே அதைச் சொன்னது.

“நானும் அப்படித்தான் நெனச்சேன் தாயி. ஆனா எந் தம்பி சிங்கப்பூருல இருக்கான். அவனுக்கும் அதே எடத்துலதான் போச்சாம். அவன் வீட்டுல நெட்டெல்லாம் நல்லாருக்குமே.”

பிரகதீஸ்வரி மனதுக்குள் கணக்குப் போட்டாள். கத்தாரில் ஒரு போன், சிங்கப்பூரில் ஒரு டிவி, நடுவில் எத்தனையோ ஆயிரம் மைல். இரண்டும் ஒரே நொடியில் கெட்டுப்போக வேண்டுமானால், கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் இருக்க வேண்டும். அந்த இடம் அவளுடைய வலது கைப்பக்கம் கிரைண்டர்போல் இரைந்துகொண்டிருந்தது.

“இவளுக்காவது பாத்துருவாகல்ல? இதுக்குன்னே நைட் ஷிப்ட் கேட்டு வாங்கியிருக்காக. அங்க ஞாயித்துக்கெழம வேலை நாளு” என்றாள் அழகி.

“பாத்துருவாங்கம்மா” என்றாள் பிரகதீஸ்வரி. சொன்ன பிறகுதான், எந்தத் தைரியத்தில் சொன்னோம் என்று நினைத்தாள்.

அழகி படியிறங்கியதும் போன வருடத்துப் பதிவேட்டைத் திறந்தாள். மூத்த மகளின் கல்யாண நாளில் சர்வர் எவ்வளவு உழைத்தது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு எண் எழுதப்பட்டிருந்தது. அறுபது, ஐம்பத்தெட்டு, எழுபத்தேழு, அறுபது. எழுபத்தேழைத் தாண்டவே இல்லை. அன்றைக்கும் இதைப் பார்த்துத்தான் குற்றம் நம்முடையதல்ல என்று நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் அது ஐந்து நிமிடத்தின் சராசரி. இரண்டு நிமிடம் மூச்சுமுட்டித் தவித்துவிட்டு மூன்று நிமிடம் வழக்கம்போல் அறுபது சொச்சத்தில் ஓடினாலும் அதே எழுபத்தேழுதான் வரும்.

அப்படி அந்த இரண்டு நிமிடத்தில் என்ன நடந்தது? மண்டபத்துக் கேமராவில் பதிவான முழுப் படம் தனியாக இருந்தது. அழகியின் மூத்த மகளுடைய கல்யாணத்தை எடுத்து, தாலி கட்டும் இடத்துக்கு ஓட்டினாள்.

கெட்டிமேளம். ஒரே நேரத்தில் இருநூறு கைகள் உயர்ந்தன. மஞ்சள் அரிசி, ரோஜா இதழ், மாப்பிள்ளையின் கூட்டாளிகள் இரண்டு பக்கமும் வெடித்த ஜிகினாக் காகிதம். திரையில் ஒரு விரற்கடைகூடச் சும்மா இல்லை. அவள் அந்த இடத்திலேயே படத்தை நிறுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

சர்வர் படத்தைச் சுருக்குவது ஒரே ஒரு தந்திரத்தால்தான். முந்தின கணத்துக்கும் இந்தக் கணத்துக்கும் எது மாறியதோ அதை மட்டும் அனுப்பும். ஐயர் மந்திரம் சொல்லும்போது அவருடைய வாயும் கையும் புகையும்தான் மாறும். பின்னாலிருக்கும் மாலையும் பந்தலும் அப்படியே இருக்கும். அட்சதை விழும்போது எல்லாமே மாறும். பத்தாயிரம் அரிசிமணி, ஒவ்வொன்றும் தன்தன் வழியில் விழும். எது எங்கிருந்து எங்கே போனது என்று ஒவ்வொன்றாகத் தேடவேண்டும், அதுவும் நொடிக்கு இருபத்தைந்து தடவை. வருடம் முழுக்க எந்தப் பகுதியைத் தொடக்கூடாது என்று ஒதுக்கி வைத்தார்களோ, சர்வர் தோற்றுப்போகிற ஒரே பகுதி அதுதான்.

திலகவதியின் வழக்கத்தை உடைக்கிறோமே என்று ஒரு கணம் கை தயங்கியது. ‘ஞாயித்துக்கெழம உன் தங்கச்சிக்காக’ என்று திரையிலிருந்த மணப்பெண்ணிடம் மனதுக்குள் சொல்லிவிட்டு, அந்த இரண்டு நிமிடத்தை வெட்டியெடுத்து, முன்போலவே பதினோரு மண்டபக் கணக்கில் இரண்டு சர்வரிலும் ஓடவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மரியசெல்வம் வந்தபோது திலகவதியும் அறையில் இருந்தாள். அவர் கயிறும் சாக்கும் எடுத்துக்கொண்டு தயாராக வந்திருந்தார்.

“அண்ணே, கொஞ்சம் உக்காருங்க. நேத்து நான் சொன்னது தப்பு” என்றாள் பிரகதீஸ்வரி.

அவர் சாக்கைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். விற்பனைக்காரர் அல்லவா, முகத்தில் சந்தோஷத்தைக் காட்டவில்லை. “காரைக்குடிக்கு வாரேன்னு சொல்லிட்டனே தங்கச்சி.”

“அஞ்சு நாள் பாத்துட்டுச் சொல்லச் சொன்னீங்க. இன்னிக்குத்தான் அஞ்சாவது நாளு.”

“என்னடி தப்பு?” என்றாள் திலகவதி.

பிரகதீஸ்வரி நடந்ததை நடந்தபடி சொன்னாள். எந்தக் காட்சியை ஓட்டினாள் என்பதையும் மறைக்கவில்லை. திலகவதியின் முகம் இறுகியது.

“எம்புட்டுத் தடவ சொல்லியிருக்கேன் ஒனக்கு?”

“இந்தத் தொழில் ஆரம்பிச்ச எட்டு வருசமா நீங்க சொன்னத யாருமே மீறலக்கா. அதனாலதான் எட்டு வருசமா நமக்குத் தெரியல.”

மரியசெல்வம் ஜன்னல் வழியாகப் பஸ்ஸைப் பார்க்க ஆரம்பித்தார்.

“சரி, அரிசி விழுந்தா தெணறுதுன்னே வச்சுக்க. பதினோரு மண்டபத்துலயும் ஒரே நிமிசத்துலயா தாலி கட்டப்போறாங்க? முகூர்த்தம் ஒம்பதுலேருந்து பத்தரை. ஒண்ணரை மணி நேரம் கெடக்கு.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். போன சீசன் பூராவும் எடுத்துப் பாத்தேன். ஒம்பது மணிக்கு ஒருத்தரும் கட்டறதில்லக்கா. பொண்ணு ரெடியாகல, தாய்மாமன் வரல, கட்சிக்காரர் வந்துக்கிட்டு இருக்காரு. பத்து அடிச்சதும் ஐயரு கத்த ஆரம்பிப்பாரு. பத்துலேருந்து பத்தே காலுக்குள்ள பாதிப்பேரு கட்டிருவாங்க. மிச்சப்பேரு பத்தே காலுலேருந்து பத்தரைக்குள்ள.”

திலகவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, “எங் கல்யாணத்துல பத்து இருபத்தெட்டு” என்றாள்.

“அஞ்சு மண்டபத்துல ஒண்ணா விழுந்தாலே பழசு படுத்துருது. இதப் பாருங்க.”

திரையை இரண்டாகப் பிரித்திருந்தாள். இடதுபக்கம் பழையது அனுப்பிய படம், வலதுபக்கம் புதியது அனுப்பியது. கெட்டிமேளம் தொடங்கியது. கைகள் உயர்ந்தன. இடதுபக்கத்தில் மணப்பெண்ணின் நெற்றி முதலில் கட்டமாகியது, பிறகு கண், பிறகு முகம் முழுக்க. மாப்பிள்ளையின் கை மஞ்சள் சதுரங்களுக்குள் போய் நின்றுவிட்டது. வலதுபக்கத்தில் அரிசி ஒவ்வொரு மணியாக விழுந்தது. தலைகுனிந்திருந்த பெண் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, மூக்குமேல் ஒட்டிய இதழை ஊதிவிட்டாள். இடதுபக்கத்தில் அது இல்லவே இல்லை.

பிரகதீஸ்வரி எண்களைச் சொல்ல வாயெடுத்தாள். பழையது நூறைத் தொட்டு முட்டி நின்றது, புதியது ஐம்பத்தெட்டைத் தாண்டவில்லை என்று. திலகவதி கையைக் காட்டி நிறுத்தினாள்.

“மொகத்தையே காணோமேடி” என்றாள். “இத்தன பேருக்கும் நாம இப்படித்தான் காட்டியிருக்கோமா? எல்லாருகிட்டயும் உங்க நெட்டு சரியில்லன்னு வேற சொல்லியிருக்கோம்” என்றாள்.

கீழே கண்டக்டர் விசிலடித்தார்.

திலகவதி எழுந்து மரியசெல்வத்தின் சாக்கை எடுத்து மடித்து அவர் கையில் கொடுத்தாள். “தவணைக்கு ஏற்பாடு பண்ணிக் குடுங்க. வெலையில கொஞ்சம் பாத்துச் செய்யணும். காரைக்குடிக்கு வேற ஒண்ணு கொண்டுபோங்க.”

“வெலையெல்லாம் ஏற்கெனவே கொறச்சுத்தாங்க...”

“நாளைக்குப் பதினோரு கல்யாணம். எல்லா மண்டபத்துலயும் ஒங்க மெஷின்தான் ஓடுதுன்னு சொல்லுவேன். யோசிச்சுப் பாருங்க.”

அவர் யோசித்தார். அரைமணி நேரமும் இன்னொரு டீயும் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கே திரையில் பதினோரு கட்டங்களிலும் படம் வந்துவிட்டது. புதிய சர்வர் பதினொன்றையும் சுருக்கி அனுப்பியது. பழையது பக்கத்திலேயே இரைந்தபடி, வருகிற படத்தை அப்படியே பதிந்துவைக்கும் வேலையைப் பார்த்தது. அதற்குச் சுருக்க வேண்டியதில்லை, வாங்கி அடுக்கினால் போதும், நன்றாகவே செய்தது.

ஒன்பது மணிக்கு யாரும் தாலி கட்டவில்லை. ஒன்பதரைக்கும் இல்லை. பத்து மணிக்குப் பதினோரு ஐயர்களும் ஏறக்குறைய ஒரே குரலில் பெண்ணைக் கூப்பிட்டார்கள். பத்து ஒன்பதுக்குத் திருமயத்தில் முதல் கெட்டிமேளம். எண் இருபத்திரண்டிலிருந்து இருபத்தாறுக்கு ஏறியது. பத்து பதினான்குக்கு அறந்தாங்கியும் கீரனூரும். திலகவதி பின்னால் நின்று, ஒவ்வொரு தாலிக்கும் திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பத்து பதினேழுக்கு நான்கு மண்டபங்களில் ஒன்றாக மேளம் கொட்டியது. அதில் ஒன்று மணமேல்குடி. பிரகதீஸ்வரி எண்ணைப் பார்க்கவில்லை. சின்ன மகளின் கட்டத்தை மட்டும், வெளிநாட்டுக்குப் போகிற படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசி விழுந்தது. ஜிகினா வெடித்தது. யாரோ ஒரு குழந்தை கூடையோடு பூவைக் கொட்டியது. அத்தனைக்கும் நடுவில் மூன்று முடிச்சும் தெரிந்தது. பிறகுதான் எண்ணைப் பார்த்தாள். நாற்பத்தொன்று.

“என்னடி, கேட்ட காசுக்கு முழுசாக்கூட வேலை செய்யல” என்றாள் திலகவதி.

“அடுத்த ஆவணிக்கு இருபது கல்யாணம் புடிங்க. செய்யட்டும்.”

பந்தியெல்லாம் முடிந்து ஒரு மணிக்கு அழகியிடமிருந்து போன் வந்தது. பின்னால் பாத்திரம் உருட்டும் சத்தம். முதலில் ஒரு படம் அனுப்பியிருப்பதாகவும் அதைப் பார்த்துவிட்டுப் பேசும்படியும் சொன்னாள். பிரகதீஸ்வரி திறந்து பார்த்தாள். ஒரு இரும்புக் கட்டில், அதன்மேல் நீலப் போர்வை, போர்வைமேல் ஒரு செல்போன். போன் முழுக்க மஞ்சள் அரிசி. கூட நின்றவர்களும் போட்டிருப்பார்கள்போல. கட்டிலெல்லாம் சிதறிக் கிடந்தது.

“பாத்தியா தாயி?”

“பாத்தேன்மா. அவங்க எல்லாம் பாத்தாங்களா?”

“மூணு முடிச்சையும் எண்ணிப் பாத்தேங்குறாக. மூணாவது முடிச்ச நாத்தனா போட்டதுகூடச் சொன்னாக.” அழகியின் குரல் மாறப்போகிறதோ என்று பிரகதீஸ்வரி நினைத்தாள். ஆனால் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். “ஒரே ஒரு கொறதான். சார்ஜு போடுற ஓட்டைக்குள்ள ஒரு அரிசி போயிருச்சாம். கூட்டாளி போன்லேருந்து பேசுறாக. எப்படி எடுக்குறதுன்னு ஒங்கிட்ட கேட்டுச் சொல்லச் சொன்னாக.”

“ஊக்க விட்டுக் குத்த வேணாம்னு சொல்லுங்க. போன ஆப் பண்ணிட்டு, கவுத்துப் பிடிச்சு மெதுவாத் தட்டச் சொல்லுங்க. வந்துரும்.”